பட்டியலில் முனியாண்டி

ரெஃபரன்ஸ் பட்டியலை யாரும் படிப்பதில்லை. மருத்துவ ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுப்பவர் தலைப்பைப் பார்ப்பார், சுருக்கத்தைப் படிப்பார், நேரமிருந்தால் முடிவுரையைப் புரட்டுவார். கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று, இரண்டு என்று வரிசைகட்டி நிற்கும் பட்டியலைக் கண்டதும் கட்டுரை முடிந்தது என்று மூடிவைத்துவிடுவார். அப்படி ஒருவரும் படிக்காத ஒன்றைச் சரிபார்த்துத்தான் நான் காலம் தள்ளினேன். கண்ணாடி தடித்தது, கழுத்தெலும்பு தேய்ந்தது, ஜித்ராவில் ஒரு தரை வீடு மிஞ்சியது.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் கவிதா. கெட்டிக்காரி, ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "நீங்க செஞ்ச வேலைய கம்ப்யூட்டரு இப்ப ஒரு நிமிஷத்துல செஞ்சிடுதுலா அக்கா. எழுதியாவது வைங்க, இல்லாட்டி இப்படி ஒரு வேல இருந்துச்சுன்னே யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். பாராட்டா கேலியா என்று பிடிபடவில்லை. எழுதும் எண்ணமும் அப்போது இல்லை. பிறகு அவளே அனுப்பிய ஒரு பட்டியல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிலோமினா. பிறந்தது கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடித்து, சுங்கை பட்டாணியில் தட்டச்சு படித்து, வக்கீல் ஆபீஸ், லாரி கம்பெனி என்று சுற்றிவிட்டு, அலோர் ஸ்டாரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் வெளியீட்டுப் பிரிவில் வந்து விழுந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளை, எந்த ஆய்விதழுக்கு அனுப்புகிறார்களோ அந்த இதழின் விதிப்படி ஒழுங்குபடுத்தித் தருவது எங்கள் வேலை. அதில் மற்றவர்கள் தீண்டாத பகுதி என்னிடம் தள்ளப்பட்டது.

விதி கேட்பதற்குச் சுலபம். கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படும் ஆய்வுக்கு எண் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. பட்டியலிலும் அதே வரிசை. ஆசிரியர் பெயரில் குடும்பப் பெயர் முதலில், பிறகு தலைப்பெழுத்து. ஆறு பேருக்கு மேல் இருந்தால் 'மற்றும் பலர்'. இதழின் பெயரைச் சுருக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு அல்ல, அதற்கென்று இருக்கும் சுருக்கப்படி. பிறகு ஆண்டு, தொகுதி, பக்கம். நடுவில் எங்கே புள்ளி, எங்கே அரைப்புள்ளி என்பதற்கு இதழுக்கு இதழ் ஒரு சட்டம்.

செய்வதுதான் பாடு. எல்லாம் முடிந்து டீ குடிக்க எழுந்தால் ஒரு டாக்டர் வந்து நிற்பார். முன்னுரையில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும், ஒரே ஒரு ரெஃபரன்ஸ்தான் என்பார். அந்த ஒன்று நான்காவதாகப் புகுந்தால் நான்கு ஐந்தாகும், ஐந்து ஆறாகும், கட்டுரை முழுக்க உள்ள எண்களும் சேர்ந்து நகரும். ஒரு எண் தப்பினால் மருந்தளவு பற்றிய வாக்கியம் கொசு வளர்ப்பு பற்றிய ஆய்வைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கடைசி நிமிடம் வரை எண்ணே போட மாட்டேன். கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் ஆசிரியர் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, டாக்டர் இனித் தொட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் எண். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து ஒத்துப் பார்ப்போம். ஒருவர் கட்டுரையை வாசித்து எண் வரும் இடத்தில் உரக்கச் சொல்ல, மற்றவர் பட்டியலில் விரல் வைத்து, யார் எழுதியது, எதைப் பற்றியது என்று பதில் சொல்ல வேண்டும்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் எங்கள் தலைவி புவான் ரொஹானி. ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் சாம்பல் நிறத் தூடோங் முக்காடு, கையில் ஒரு மர அடிக்கோல். வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தவறைக் கண்டால் அடிக்கோல் நகராமல் நின்றுவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தானே கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே நிற்கும். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "சுடா தெங்கோ?" பார்த்தாயிற்றா என்று அர்த்தம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையாவது கண்ணால் பார்த்தாக வேண்டும். டாக்டர் சொன்னார், பேராசிரியர் கொடுத்தார், வேறொரு பட்டியலில் இருந்தது என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. எங்கள் நூலகத்தில் இல்லாததைப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் எழுதிப்போட்டு நகல் வரவழைப்போம். நகல் வரும்வரை அந்த வரி எண் இல்லாமல் கிடக்கும். டாக்டர்கள் பல்லைக் கடிப்பார்கள். புவான் ரொஹானி அடிக்கோலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இனி சரோஜாவின் விஷயத்துக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் என்னைத் தூங்கவிடாத பட்டியல் அது ஒன்றுதான்.

டாக்டர் சரோஜாவும் தோட்டத்துப் பிள்ளை, நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். எலிக்காய்ச்சல் அவருடைய துறை. தோட்டத் தொழிலாளர்களுக்கும் பெண்டாங் வயல்களில் இறங்குகிறவர்களுக்கும் அது எப்படித் தொற்றுகிறது என்று வருடக்கணக்காக ரத்தம் எடுத்து, பரிசோதித்து, பெரிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு இதழுக்குப் போக வேண்டியது. அதை அனுப்பிய அத்தாட்சியை இணைத்து இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் அந்த வாரத்தோடு முடிகிறது. அடுத்த முறை எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

முதல் பக்கத்தில் தன் பெயரைச் சரோஜா என்று மட்டும் போட்டிருந்தார். கட்டுரைக்குள் தான் முன்பு எழுதிய கட்டுரைகள் சிலவற்றைச் சுட்டியிருந்தார். பட்டியலில் அவற்றுக்கும் ஆசிரியர் சரோஜா. நான் வழக்கம்போல நகல்களை எடுத்துப் பார்த்தேன். அச்சில் எல்லாவற்றிலும் 'முனியாண்டி எஸ்' என்று இருந்தது.

இது நம்மவர்களுக்கு மட்டுமே வரும் சங்கடம். அடையாள அட்டையில் சரோஜா, முனியாண்டியின் மகள் என்று இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது விளங்காது. கடைசியில் நிற்பது குடும்பப் பெயர் என்று எடுத்து முன்னால் போட்டுவிடுவார்கள். படித்தது மகள், பெயர் அப்பாவுக்கு. அண்ணன் பெயரும் தங்கை பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் உலகத்துக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். நானும் இதைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருந்தேன். அச்சில் உள்ளபடிதான் போட முடியும் என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டுரையோடு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் சரோஜா நேரே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். மாற்ற முடியாதா என்று மெதுவாகக் கேட்டார். முடியாது என்றேன். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா பெண்டாங் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டாராம். திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா அஞ்சலைதான் காலையில் பால்மரம் வெட்டி, பிற்பகலில் எண்ணெய்ச் செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கி மகளை டாக்டர் ஆக்கினார். இதையெல்லாம் சரோஜா அழாமல், ஒரு நோயாளியின் விவரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"மாநாட்டுல எல்லாரும் என்னைய டாக்டர் முனியாண்டின்னு கூப்புடுறாங்கக்கா. பேட்ஜ்ல அந்தப் பேரத்தான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். வளத்தவங்க பேரு ஒரு எடத்துலயும் இல்ல. விட்டுட்டு ஓடுன ஆளு பேரு ஊரு ஒலகமெல்லாம் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நானும் அப்பா பெயரைச் சுமப்பவள்தான், ஆனால் என் அப்பா சாகும்வரை எங்களோடு இருந்தவர். அந்தப் பெயர் எனக்கு உறுத்தியதே இல்லை. சரோஜாவை அழைத்துக்கொண்டு புவான் ரொஹானியின் அறைக்குப் போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தன் கதையைச் சொன்னார். மலாய்க்காரப் பெண்களுக்குப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'பிந்தி' வரும், மகள் என்று பொருள். அவர் இளமையில் பங்குகொண்ட ஒரு கட்டுரையை அச்சடித்த வெளிநாட்டு இதழ், அந்தப் பிந்தியையே குடும்பப் பெயராக்கிவிட்டதாம். "நான் வெறும் மகள். யாருடைய மகள் என்றுகூட அவர்கள் போடவில்லை" என்றார். சிரிக்கவில்லை. எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு அடிக்கோலை எடுத்து மேசைமேல் நேராக வைத்தார். பட்டியலில் பெயரை மாற்றினால் அந்தப் பழைய கட்டுரைகளைத் தேடுகிறவருக்கு அவை கிடைக்காது, அதனால் மாற்றக் கூடாது என்றார். அதில் அவர் அசைய மாட்டார் என்று எனக்குத் தெரியும். புதிய கட்டுரையைச் சரோஜா என்ற பெயரில் அனுப்பலாம், அது ஆசிரியரின் உரிமை. ஆனால் பதவிக் குழு பழைய கட்டுரைகளை வேறு யாருடையதோ என்று தள்ளிவிடும். குழுவின் செயலாளருக்கு என் முன்னாலேயே போன் போட்டுக் கேட்டார். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கணக்கில் சேராது என்று பதில் வந்தது. பழைய இதழுக்கு எழுதித் திருத்தம் கேட்க முடியுமா என்றேன் நான். சரோஜா ஏற்கெனவே எழுதிப் பார்த்திருந்தார். வெளிவந்த இதழில் மாற்றுவதில்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்ததாம்.

ஆக வழி இரண்டுதான். முனியாண்டியாகவே இருந்தால் பதவி. சரோஜாவானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரோஜா நாற்காலியை விட்டு எழுந்து, பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நன்றியுரையில் அம்மா பெயரைப் போடலாமா என்று கேட்டார். நன்றியுரை என்றாலே புவான் ரொஹானிக்குப் பிடிக்காது. மனைவிக்கு நன்றி, மாமனாருக்கு நன்றி என்று எழுதிக் கொண்டுவருகிறவர்களிடம் அடிக்கோலை அந்த வரியில் நிறுத்திவிடுவார். வேலை செய்தவர்களுக்குத்தான் அங்கே இடம். அஞ்சலை வேலை செய்தார் என்றார் சரோஜா. ரத்தம் கொடுக்கப் பயந்த ஜனங்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்ததே அம்மாதான் என்றார்.

புவான் ரொஹானி என் பக்கம் திரும்பினார். "சுடா தெங்கோ?"

அன்று மாலையே சரோஜாவின் காரில் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அஞ்சலை அங்கேயே இருந்தார். முதலில் மண்டோரைப் பார்த்தேன். வேலையாட்களை மேற்பார்க்கும் மனிதர், பேச்சில் சிக்கனம். ரத்தம் எடுத்தால் நோய் இருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாரும் பயந்தார்களாம். வேலைக்கு வந்திருந்த வங்காளதேசத்துப் பையன்கள் செம்பனைக்குள்ளே ஓடி ஒளிந்தார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது அஞ்சலை முதலில் போய்த் தன் கையை நீட்டியிருக்கிறார். "அந்தம்மா நீட்டலன்னா ஒருத்தனும் நீட்டியிருக்க மாட்டான்" என்றார் மண்டோர். வேறு சிலரையும் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள்.

அஞ்சலை எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். விரல்களில் வெட்டுக்கத்திக் காய்ப்பு இன்னும் இருந்தது. மகள் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று என்னைத்தான் கேட்டார். சரோஜா வாசலில் போய் நின்றுகொண்டதால் நானே எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று. பட்டியல், எண், குடும்பப் பெயர் இதெல்லாம் எப்படிச் சொல்வது என்று திணறினேன். அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

"அந்தாளு பேரையே போட்டுட்டு வேலயப் பாரும்மா" என்றார் வாசலைப் பார்த்து. "அவரு பேரு இருந்தா இருந்துட்டுப் போவுது. படிச்சது நீதானே. இதுக்காகப் பதவிய விட்டுட்டு நின்னேன்னு வையி, அவரு மறுபடியும் ஒரு தடவ நம்மள விட்டுட்டுப் போன மாதிரி ஆயிரும்."

சரோஜா திரும்பவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது. நான் மைலோவைக் குடித்து முடித்தேன்.

திரும்பும் வழியில் பீடோங் சாலை விளக்கில் நின்றபோதுதான் அவர் வாயைத் திறந்தார். "முனியாண்டின்னே இருக்கட்டும்க்கா." விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தார்.

கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாழன் மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். அன்று நானும் புவான் ரொஹானியும் ஒத்துப் பார்த்தோம். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் விரல் வைத்துப் பதில் சொன்னேன். முனியாண்டி எஸ், முனியாண்டி எஸ் என்று சொல்லும்போதெல்லாம் வாய் கசந்தது. நன்றியுரைக்கு வந்ததும் அடிக்கோல் நின்றது. அஞ்சலை என்று ஒரே சொல்தான் இருந்தது. அவருடைய அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்க்க வேண்டாம் என்று சரோஜா சொல்லியிருந்தார். நான் பார்த்ததையும் கேட்டதையும் மறுபடி ஒருமுறை சொன்னேன். அடிக்கோல் கீழே இறங்கியது.

கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகும் முன் வெளிநாட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. நன்றியுரையில் ஒருவரின் குடும்பப் பெயர் விடுபட்டிருக்கிறது, முழுப் பெயர் தருக என்று. புவான் ரொஹானி தானே பதில் எழுதினார். இதுதான் முழுப் பெயர் என்று ஒரே வரி.

சரோஜாவுக்குப் பதவி கிடைத்தது. வாழ்த்து மடல்கள் எல்லாம் பேராசிரியர் முனியாண்டிக்கு வந்தன. எங்கள் பிரிவுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டோம். ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. புவான் ரொஹானியும் தன் துண்டைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த கட்டுரையை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எண்களைத் தானாகவே நகர்த்தும் மென்பொருள் வந்தது. நான்காவதாக ஒன்றை நுழைத்தால் மீதி எல்லாம் கண்ணெதிரே மாறிக்கொள்ளும். அதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கழுத்துவலி தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். ஆனால் முதல் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் மெல்லப் போய்விட்டது. புவான் ரொஹானி ஓய்வு பெற்றார், பிறகு நானும். அஞ்சலை போன வருடம் இறந்துபோனார். லயத்து வாசலில் நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சரோஜாவின் அப்பா அதற்கு வெகு காலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன்.

இப்போது கவிதா அனுப்பிய பட்டியல். ஓர் இளம் டாக்டரின் கட்டுரை, இதுவும் எலிக்காய்ச்சல் பற்றியது. இதழின் சுருக்கப் பெயர் ஒன்று சரிதானா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கேட்டதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கீழேயும் இறங்கினேன். இருபத்து மூன்றாம் எண்ணில் முனியாண்டி எஸ். கெடா வயல்களில் குழந்தைகளுக்கு வரும் எலிக்காய்ச்சல் என்று தலைப்பு. ஆண்டு, தொகுதி, பக்கம், அரைப்புள்ளி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. குழந்தைகளைப் பற்றி சரோஜா எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கவிதாவுக்குப் போன் செய்து பார்த்தாயா என்று கேட்டேன். அவள் தேடிவிட்டுத் திரும்ப அழைத்தாள். அந்தத் தொகுதியில் அந்தப் பக்கங்களில் வேறு யாரோ சிறுநீரகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். டாக்டரைக் கேட்டதற்கு, பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏஐயிடம் கேட்டு வாங்கியதாகச் சொன்னாராம். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் கிடையாது. சரோஜாவின் பெயர் அந்தத் துறையில் அடிக்கடி வருவதால் அதுவாகவே ஒன்றை எழுதி அவர் தலையில் கட்டியிருக்கிறது. என்னால் நம்பவும் முடியவில்லை, ஆச்சரியப்படவும் தெம்பில்லை.

சரோஜா இப்போது பினாங்கில் இருக்கிறார். அழைத்துச் சொன்னேன். களைத்த சிரிப்பு ஒன்று கேட்டது.

"உசுரோட இருந்தப்ப ஒரு வேலயும் செய்யல. செத்தும் பேரு வாங்கிக்கிட்டே இருக்காரு பாருங்கக்கா."

இருபத்து மூன்றாம் வரியை அவருக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன்.

"அம்மா பேருல ஏதாச்சும் வந்திருக்கா?" என்று கேட்டார்.

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இணையத்தில் எனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் தேடினேன். ஒன்றுதான் வந்தது. நாங்கள் அந்த வியாழக்கிழமை அனுப்பிய கட்டுரையின் நன்றியுரைப் பத்தி.

"ஒண்ணுதாம்மா. நாம அனுப்புனது மட்டும்தான்" என்றேன்.

"அப்ப எங்கம்மா பேருல பொய்யே இல்ல" என்றார் சரோஜா. அவர் அழுவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

போனை வைத்துவிட்டுக் கவிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். இருபத்து மூன்றை எடுத்துவிடு, கீழே உள்ளவை ஒவ்வொன்றும் ஒன்று குறையும், மற்றவற்றுக்கெல்லாம் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.